பாவா என்று கூப்பிட்டவன்

பாவா,

காலையில் வண்டி எடுக்க வந்தால் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க மைதாப் பசை வாசம். நேற்று உன் படத்திறப்பு முடிந்தும் உன் மகன் புதுசாகப் போஸ்டர் ஒட்டியிருக்கிறான். "எங்கள் தலைவரே" என்று கொட்டை எழுத்து. தலைவராம்! உன்னை அப்படிக் கூப்பிட என் நாக்கு என்றைக்கும் வளைந்ததில்லை. முறை இருக்கோ இல்லையோ, ஸ்டாண்டில் நாமெல்லாம் மாமன் மச்சான் மாதிரி ஒருவருக்கொருவர் பாவாதானே.

மலையடிவாரத்து ஸ்டாண்டிலிருந்து நம்மைத் துரத்தப் பார்த்தார்களே, அன்றைக்கு மறியலில் முதலில் தரையில் படுத்தவன் நீ. பக்கத்தில் அரக்கோணத்துச் சலீம், அவனை ஒட்டி நான். ஜெயித்தோம். உன்னையே சங்கத்துக்குத் தலைவனாக்கினோம்.

அந்த வருஷம் ஆண்டுவிழாவுக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன். கொடுங்கோல் ராஜாவை விரட்டிய வீரன் தானே சிம்மாசனம் ஏறுகிறான். இனி என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதுதான் அவன் போடும் முதல் உத்தரவு. வீரன் வேஷம் உனக்கு. படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"இன்னாபா கத உடுற? கூட நின்னவன் பேரச் சொன்னா எவனாவது கோச்சிக்குவானா?"

நீ கோபித்துக்கொண்டாயே! கவுன்சிலர் வந்திருந்த அன்று, டீ சொல்லட்டுமா பாவா என்று சலீம் வழக்கம்போலத்தான் கேட்டான். மறுநாள் அவன் வண்டி வரிசையில் நிற்கக் கூடாது என்றுவிட்டாய். இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவன், கே.ஜி.கண்டிகை ரோட்டில் சவாரிக்கு நாயாய் அலைந்தான். நியாயம் கேட்க வந்த என்னிடம், "பதவிக்கு ஒரு மருவாதி வேணாமா?" என்றாய். மரியாதை என்ன, கேட்டு வாங்குகிற பண்டமா? அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது நீ கண் திறக்கவில்லை.

படத்திறப்பில் உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நீ தரையில் படுத்ததைச் சொன்னேன். சலீமைத் துரத்தியதையும் சொன்னேன். செத்தவரைப் பற்றி இப்படியா பேசுவது, உட்காருங்கள் என்றான் உன் மகன். நான் உட்காரவில்லை.

"நாளைக்கு சலீம் வண்டி என் வண்டிக்கு முன்னால நிக்கும். எடுக்கச் சொல்றவன் மொதல்ல என் வண்டிய எடுக்கட்டும்."

பின்னாலிருந்து ஒருவர், "ஆங், நிக்கட்டும்" என்றார்.

இன்று நின்றது. முதல் சவாரியும் அவனுக்குத்தான். உன் மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும்.

உன்மேல் இருக்கிற கோபம் ஆறவில்லை. நீ போன துக்கமும் ஆறவில்லை. செத்தவன்மேல் என்ன கோபம் என்கிறார்கள். அப்படிப்பட்டவனுக்காக என்ன அழுகை என்றும் கேட்கிறார்கள். ஒன்றுக்காக இன்னொன்றை நான் இறக்கிவிட மாட்டேன். இரண்டையும் ஏற்றிக்கொண்டுதான் தினமும் மலையேறுகிறேன்.