பல்லுக்கு நாலு நாள், காலுக்கு ஒரு நாள்

மார்ச் 3, திங்கள்

வாரத்தில் ஐந்து நாள் உழைத்தது போதும், இனி நான்கு என்று இன்று தீர்மானித்தேன். உலகம் அதிரட்டும். நான் செய்து தரும் பல் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பதையே விட்டுவிடுவார்கள். இருந்தாலும் முடிவு முடிவுதான்.

காரணம் தங்கை மகள். பதிமூன்று வயது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் அறுவை சிகிச்சை. இனி ஆறு மாதம் புதன்தோறும் ஆஸ்பத்திரியில் காலை மடக்கி நீட்டும் பயிற்சி. இரண்டு வாரம் தவறினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தங்கை தன் விடுப்பையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்த்துவிட்டாள். மிச்சம் இருப்பது நான்.

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பல் கட்டும் பட்டறையின் முதலாளி மேடத்திடம் புதன்கிழமை விடுப்பு கேட்டேன். "உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார். கேட்கட்டுமே என்பது நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கினேன்.

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். பல்லைச் சுடும் உலை! அது சூடேற ஒன்றரை மணி நேரம். தினமும் ஒன்பதுக்குப் போட்டுவிட்டு, பத்தரை வரை ஊர்வம்பு பேசி நாங்களும் சூடேறுகிறோம். ஏழரைக்கே நான் வந்து போட்டால் ஒன்பதுக்கு எல்லோருக்கும் தயார். ஐந்து நாள் வேலை நான்கு நாளில் அடங்கும். புதன்கிழமை மட்டும் பக்கத்து மேசைக்காரர் உலையையும் அன்று முடிக்க வேண்டிய என் பற்களையும் பார்த்துக்கொள்வார்.

எழுதிக் கொடுத்தேன். பேரரசருக்கு ஓலை அனுப்பும் நடையில் எழுதிய முதல் பிரதியைத் தங்கை கிழித்துவிட்டாள். "அண்ணா, நீ லீவு கேக்குறியா, போர் தொடுக்குறியா?"

மார்ச் 10, திங்கள்

மேடம்: "ஒரு மாசம் பாப்போம். ஒரு பல்லு மாறிச்சுன்னாலும் பழையபடி அஞ்சு நாள்."

மார்ச் 12, புதன்

முதல் பயிற்சி. முழங்காலை மடக்கியதும் தங்கை மகள் போட்ட சத்தத்தில் மூன்று தெரு தள்ளி நாய்கள் எழுந்து நின்றிருக்கும். முப்பது டிகிரிதான். என் கையை அவள் பிடித்த பிடியில் விரல்கள் இனி எனக்குச் சொந்தமா என்பதே சந்தேகம்.

மார்ச் 20, வியாழன்

தலையில் இடி. நேற்று நான் இல்லாதபோது ஓர் ஆசிரியைக்கான முன்பல் பட்டறையிலிருந்து டாக்டரிடம் போயிருக்கிறது. சீட்டில் நான் எழுதியிருந்த ஷேடு, அதாவது பல்லின் நிறம், "மழைக்காலச் சட்டை". இருபது வருடமாக நிறத்துக்கு உரிய எண்ணை எழுதுவதில்லை. நானே பெயர் வைத்து, நானே படித்துக்கொள்வேன். பக்கத்து மேசைக்காரர் பாவம், குத்துமதிப்பாக ஒரு வெள்ளையைப் போட்டிருக்கிறார். ஆசிரியை வாய் திறந்தால் லாரி முகப்பு விளக்காம். டாக்டர் கண்கூசிப் போன் செய்தாராம்.

மேடம் திட்டவில்லை. அந்தப் பல்லை என் மேசைமேல் வைத்தார். "அடுத்த புதன் வந்துடுங்க."

என்ன பண்றது? தப்பு என்னோடதுதானே — ஆமா. ஆனா அந்தப் புள்ள கால் என்ன தப்பு பண்ணுச்சு? விட மாட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

ஆசிரியையின் பல்லை மறுபடி செய்தேன். பிறகு ஒரு பலகை: பதினாறு ஷேடு, நான் வைத்த பெயர், எதிரே எண். சுவரில் மாட்டிவிட்டு மேடத்தை அழைத்தேன்.

"தப்பு நாலு நாள்ல இல்ல மேடம், என் கிறுக்கல்ல. நான் காய்ச்சல்ல படுத்தாலும் இதே கதிதான்."

வரி வரியாகப் படித்தார். "மாமியார் வெள்ளை"யில் உதடு துடித்தது. "இதுல என் பல்லு எது?" துடைக்கும் சாக்கில் அந்த வரியைத் துணியால் மறைத்தேன். அது வேலை செய்தது. இன்னும் ஒரு புதன் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 25, செவ்வாய்

நாளைக்குப் பதினொரு பல். ஒவ்வொரு சீட்டிலும் எண். கல்வெட்டு வெட்டியவன்கூட இவ்வளவு அழுத்தியிருக்க மாட்டான்.

மார்ச் 27, வியாழன்

பதினொன்றும் சரி. மேடம் நாள்காட்டியில் அடுத்த புதனுக்கு எதிரே என் பெயரையும் 'லீவு' என்றும் எழுதினார்.

ஏப்ரல் 30, புதன்

பக்கத்து மேசைக்காரர் இப்போது வெள்ளிக்கிழமை வருவதில்லை. விண்ணப்பம் எழுதித் தந்தது அடியேன்தான். அரசர் இல்லாமல், ஒரே பக்கத்தில்.

இன்று தொண்ணூறு டிகிரி. சத்தம் இல்லை. திரும்பும்போது படிக்கட்டில் என் கையை உதறிவிட்டு, "மாமா, நீங்க மெதுவா வாங்க" என்று முன்னால் இறங்கினாள்.

பட்டறையிலிருந்து காலை முதல் ஒரு போன்கூட வரவில்லை. மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது.