பென்சிலில் போட்ட சிலுவை

லண்டன், நவம்பர் 1891

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன். நிலக்காரனின் ஆட்கள் நம் கதவைப் பெயர்த்த அன்று நம்மை உள்ளே அழைத்துக்கொண்ட சபைனா அத்தைக்கு என் நன்றியை மறுபடியும் சொல்லுங்கள். வீட்டை மீட்க நாம் போட்ட வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறதா?

போன வாரம் அகராதி அலுவலகத்தில் என் மேசைக்கு வந்த சொல் ‘எவிக்ட்’. நம்மை வெளியேற்றிய அதே சொல்தான். அதன் லத்தீன் வேருக்கு ‘வெல்வது’ என்று பொருள். முன்பு ஆங்கிலத்தில், வழக்காடித் தன் சொத்தை மீட்பதையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். படித்ததும் கண் கலங்கிவிட்டது.

“ஏம்மா, ஒரு சொல்லுக்கா அழுவாங்க?” என்றார் பக்கத்து மேசை பெட்டிஃபர்.

“சளி சார்” என்றேன். சளியெல்லாம் இல்லை, கவலைப்படாதீர்கள்.

“மீட்கிறதுன்னு இப்ப யாரும்மா சொல்றாங்க? அது செத்துப்போன பொருள். வழக்கம்போல பக்கத்துல சிலுவைக் குறி போட்டுடு.”

வயல்வேலைக்கு அனுப்பாமல் என்னைப் பள்ளிக்கு அனுப்பினீர்களே அப்பா, அதனால்தான் இதையெல்லாம் படிக்க முடிகிறது.

அம்மாவின் சால்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அடுப்புப் புகை வாசம் அப்படியே இருக்கட்டும். தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

சிலுவையைப் போட்டுவிட்டேன். பென்சிலால்தான்.

உங்கள் மகள்
ஹானோரா