இறால் கண்ணின் மினுக்கம்

இன்று கார் டிக்கியைத் துப்புரவாக்கும்போது உன் டோர்ச் லைட் உருண்டு வந்து காலடியில் விழுந்தது. அழுத்தினேன், எரிந்தது. நீ இல்லையடி தோழி, இது மட்டும் எரிகிறது. அப்படியே வாசலில் குந்திவிட்டேன்.

இதைக் கொண்டுதானே என்னை ஒனிஹங்கா கடற்கரைக்கு இழுத்துப் போனாய். இருட்டத் தொடங்கிய நேரம், கால் நிறையச் சேறு. இறால் என்றால் எனக்குக் குழம்பும் பொரியலும்தான். உனக்கோ ஆய்வுகூடத்தில் வருஷக்கணக்காக அதன் கண்தான் வேலை. கல்லிடுக்குத் தண்ணீரில் நீ வெளிச்சம் பிடித்ததும் சோடி சோடியாகக் கண்கள் மின்னின. நான் பயந்து உன் கையைப் பிடிக்க, நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு இறால் குஞ்சின் கதையைச் சொன்னாய். உடம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி, மீனுக்குத் தெரியாது. ஆனால் பார்ப்பதற்குக் கண்ணுக்குள் கறுப்பு வேண்டும். அந்தக் கறுப்பே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அதன்மேல் மிக மிக நுண்ணிய உருண்டைகள், சுற்றியுள்ள தண்ணீரின் நிறத்திலேயே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புமாம். உருண்டையின் அளவு மாறினால் மினுக்கத்தின் நிறமும் மாறுமாம்.

"ஒளிக்க ஏலாததை மினுக்கி மறைக்குது, பாத்தியே" என்றாய். சட்டென்று டோர்ச்சை உன் முகத்துக்கே திருப்பினாய். "என்னை ஒருக்கா வடிவாப் பார்."

கண்ணில் மை, உதட்டில் சாயம், அந்தச் சிரிப்பு. "உனக்கென்னடி குறை, கலியாண வீட்டுக்குப் போறவள் மாதிரி நிக்கிறாய்" என்றேன். நீ டோர்ச்சை அணைத்தாய். மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்கு வரும்வரை ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தாய்.

உன் செத்தவீட்டில்தான் உன் கணவர் சொன்னார். உன்னைக் கொண்டுபோன வருத்தம் உனக்கு ஒரு வருஷமாகத் தெரியுமாம், நாம் கரைக்குப் போன அன்றைக்கும்கூட. ஒருவருக்கும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினாயாம். எனக்கு அழுகைகூட வரவில்லை. என்னிடமுமா? மாமியார் சண்டையிலிருந்து விசா வரை ஒன்றும் ஒளிக்காத நமக்குள்ளேயுமா? இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. உன்மேல் சரியான கோபம்.

இன்று பொழுது சாய, உன் டோர்ச்சோடு தனியே அந்தக் கரைக்குப் போனேன். நேரே பிடித்ததும் இறால் கண்கள் மின்னின. டோர்ச்சை மெல்லப் பக்கவாட்டில் விலக்கினேன். மினுக்கம் போய், இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. இதை மட்டும் நீ எனக்குக் காட்டவில்லையே.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "ஐ ஆம் ஃபைன், அம்மா" என்று பளிச்சென்று சிரித்துவிட்டு அறைக்குள் போனாள். முன்பென்றால் நானும் அடுப்படிக்குப் போயிருப்பேன். இன்று அவளுடைய கதவடியிலேயே நின்றேன்.