ஓரத்தில் நீர் எழுதிய கேள்வி

அண்ணாச்சி,

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிலேட்டு அளவுக்கு ஒரு கண்ணாடிப் பலகை. அரசாங்கக் கணக்கெடுப்பு என்றது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் செல்வராணி உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, வீட்டுல இன்டர்நெட் இருக்கா?"

"இருக்கும்மா. மக போன்ல இருக்கு."

பலகையை விரலால் ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான், எழுந்து போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

"இனி ஒவ்வொரு ஆளா கேக்கணும். கடைசி மூணு மாசத்துல நீங்க அதைப் பயன்படுத்தினீங்களா? வீட்டுல மத்தவங்களைக் கேக்கல, உங்களைத்தான் கேக்கேன்."

அண்ணாச்சி, எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. முகம் மாறியதைப் பார்த்து அந்தப் பெண் பயந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தது. குடித்துவிட்டுக் கேட்டேன்: "இந்த ரெண்டாவது கேள்விய யாரும்மா போட்டது?"

"உலகம் பூரா இதே கேள்விதான் தாத்தா. எல்லா நாட்டுக்காரங்களும் உக்காந்து பேசி முடிவு பண்ணினாங்களாம். இருக்கான்னு மட்டும் கேட்டா போதாது, யாரு பயன்படுத்துதான்னும் கேக்கணும்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க."

முடிவு பண்ணினார்களாம்! இதே கேள்வியை எங்கள் கடற்கரை மணலில் நின்று நீர் கேட்டீர். கேட்டதற்காக உம்மை ஆபீசு மேசை முன்னால் நிற்கவைத்து ஏசினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உலகத்துப் பெரிய மனிதர்கள் கூடிக் கண்டுபிடித்ததாக இன்றைக்கு எனக்கே வந்து சொல்கிறார்கள். உம் பேர் அதில் எங்கே இருக்கிறது?

நீர் போய்ச் சேர்ந்த சேதி போன வருஷம் உம் மகன் போனில் சொல்லித்தான் தெரியும். காரியத்துக்கு வர முழங்கால் இடம் கொடுக்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உமக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல செல்வராணி எழுதுகிறாள். எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு மறக்கவும் வழியில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது.

நீர் எங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க வந்தது பங்குனி வெயிலில். செல்வராணி அப்போது கைக்குழந்தை. எழுபதுகளின் நடுப்பகுதி என்று அவளே கணக்குப் போட்டுச் சொல்கிறாள். சங்கு குளிக்கப் போய் எனக்குக் காதில் சீழ் வைத்திருந்தது. கடலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா கிடந்தவனை மீனவர் சங்கத் தலைவர் உம்மோடு அனுப்பினார். அந்நிய ஆள் வாசலில் நின்றால் எங்கள் பெண்கள் கதவைச் சாத்துவார்கள். நான் கூட நின்றால் பேசுவார்கள்.

தாமிரபரணிக் கரையில் நெல்வயலுக்கு நடுவே பிறந்த ஆள் நீர். முதல் தெருவிலேயே கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பிடித்தீர்.

"என்ன அண்ணாச்சி, மூக்கப் பொத்திக்கிட்டு கணக்கு எடுப்பியளோ?"

"வாயால கேட்டு கையாலதானவே எழுதப் போறேன்? மூக்குக்கு இங்கன வேலையில்ல."

அதிலிருந்தே எனக்கு உம்மைப் பிடித்துப்போயிற்று. எச்சில் பட்டால் ஊதாவாகிற காப்பிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவீர். நாலு வீடு முடிவதற்குள் உதடெல்லாம் ஊதா. "ஆபீசர் நாவப்பழம் தின்னுட்டு வந்திருக்காவ" என்று என் பெண்டாட்டி முகத்துக்கு நேரே சிரித்தாள். நீரும் சிரித்தீர்.

படிவத்தில் மூன்று கேள்வி. வீட்டில் ரேடியோ இருக்கிறதா, டெலிபோன் இருக்கிறதா, பத்திரிகை வருகிறதா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம்: உண்டு, இல்லை. "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இங்கன எடுக்கது மெட்ராசுக்குப் போவும். அங்கயிருந்து டெல்லி, டெல்லியிலயிருந்து வெளிநாடு. எந்தெந்த நாட்டுல எத்தன சனத்துக்குச் சேதி போய்ச் சேருதுன்னு புத்தகம் போடப் போறாவ."

"அதுல எங்க ஊருக்கு என்ன?"

"ரேடியோ இல்லாத ஊருக்கு ஒலிபெருக்கியோட ஒண்ணு வைக்கப் போறாவவே. நடுத்தெருவுல. ஊருக்கே கேக்கும்."

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. புயல் என்றால் தூத்துக்குடி துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். எங்கள் ஊரிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்குச் சேதி வந்தால் ரேடியோவில் வந்தால்தான் உண்டு. நடுத்தெருவில் ஒரு ஒலிபெருக்கி எங்களுக்குப் பாட்டுக் கேட்க அல்ல, உயிருக்கு வேண்டியிருந்தது.

முதல் வீட்டில் ரேடியோ இருக்கிறதா என்றீர். "இருக்கு." இரண்டாவது வீட்டில், "இருக்கு." மூன்றாவது, நாலாவது, எல்லா வீட்டிலும் "இருக்கு, இருக்கு." உமக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்னவே, உங்க ஊரு டவுனையே மிஞ்சிரும் போலிருக்கே! வெளிய பாத்தா ஓலைக்கூரை, உள்ளுக்குள்ள ரேடியோவா?" நான் அடுத்த வீட்டைக் காட்டினேன். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

இருபத்திரண்டாவது வீடு, கடைசி வீடு, அந்தோணியம்மாள் வீடு. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். ஒரே மகன் மீன்பிடி வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தான்.

"ரேடியோ இருக்காம்மா?"

"இருக்கு. ஆனா நான் அதைக் கேட்டதே இல்ல."

பென்சில் உதட்டிலேயே நின்றுவிட்டது. "வீட்டுல இருக்கது கேக்காதா?"

"வீட்டுல எங்க இருக்கு? வலைக்கொட்டகையில இருக்கு."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளே, அது?"

"அதேதான். ஊருக்கே அது ஒண்ணுதானய்யா."

கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தீர். பிறகு என் பக்கம் திரும்பினீர். "காலையிலயிருந்து கூடவே வாரீரே, ஏன்வே சொல்லல?"

"நீங்க இருக்கான்னுதானே கேட்டிய. எல்லாருக்கும் இருக்குல்லா?"

உமக்கு நான் விளக்க வேண்டியதாயிற்று. பிடித்து வந்த மீனை நாங்கள் வள்ளத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு வைப்போம். ஒரு பருவம் முழுக்க ஒவ்வொரு வள்ளத்திலும் ரேடியோவுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கி வாங்கிய டிரான்சிஸ்டர் அது. அப்போது ரேடியோவுக்குக் கட்ட வேண்டிய லைசென்சும் சங்கத்தின் பேரில் ஒழுங்காக இருந்தது. ஆக, இருபத்திரண்டு வீட்டுக்கும் அதில் பங்கு. இல்லை என்று ஒருத்தி சொன்னால் தன் பங்கை அவளே கைகழுவியதாகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை.

வேறு ஆளாக இருந்தால் ஒன்று என்று திருத்தி எழுதிவிட்டு பஸ் ஏறியிருப்பார். நீர் அந்தோணியம்மாளிடம் போனீர். "நீங்க ஏம்மா கேட்டதில்ல?"

"வலைக்கொட்டகைக்குள்ள பொம்பள கால வச்சா மீனு வராதாம். அந்த மீன நாங்க சொமந்து வித்தா மட்டும் ராசி போவாதாம்." அவள் அதோடு விடவில்லை. "இவியெல்லாம் விடியங்காட்டியும் கொட்டகையப் பூட்டிட்டுக் கடலுக்குப் போயிருதாவ. மத்தியானம் ரேடியோவுல கடல் சேதி சொல்லுதாம். யாருக்குச் சொல்லுது? பூட்டுக்கா?"

மாதா கோயில் கொடிமரத்தில் சிவப்புச் சேலையைக் கட்டினால், கரைக்கு எட்டின தூரத்தில் நிற்கிற வள்ளமெல்லாம் திரும்பிவிடும். கட்டுவதற்குக் கரையில் பெண்கள்தான் இருந்தார்கள். சேதி பூட்டுக்குள்ளே இருந்தது. எனக்கு அது அதுவரை உறைத்ததே இல்லை, அண்ணாச்சி.

அன்றைக்கே நீர் முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினீர். படிவத்தின் ஓரத்தில் இடம் பார்த்துப் பொடி எழுத்தில் எழுதினீர். இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்? கடைசியாக எப்போது கேட்டார்கள்? ஆணுக்குத் தனியாக, பெண்ணுக்குத் தனியாக. ஒருத்தி கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் வீட்டில் கேட்டதாகச் சொன்னாள். என் பெண்டாட்டி, "நான் கேக்கது கெடக்கட்டும், இவிய கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லவும் மாட்டாவ" என்று என்னைக் காட்டிக்கொடுத்தாள். முடிவில் எனக்கு வாசித்துக் காட்டினீர்: ரேடியோ ஒன்று. ஆண்கள் கேட்கிறார்கள். பெண்களில் ஒருத்தரும் இல்லை.

"இதப் பாத்தா ஒலிபெருக்கி கண்டிப்பா வந்துரும்வே" என்றீர்.

மறுநாள் சாட்சிக்கு என்னையும் ஆபீசுக்குக் கூட்டிப்போனீர். உம் மேலதிகாரி மின்விசிறிக்குக் கீழே இருந்தார். படிவங்களைப் புரட்டினார். சிவப்பு மை பேனாவை எடுத்தார். உம் ஊதா எழுத்தின் மேல் ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு. இருபத்திரண்டு கோடு. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, சீழ் வைத்த காதிலேயே.

"இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லல சார். ஆனா ரேடியோ இருக்கதும் அதைக் கேக்கதும் ஒண்ணில்ல சார்."

"இருந்தால் கேட்கமாட்டார்களா? உலகம் முழுக்கக் கேட்கிற கேள்வியைத் திருத்த நீர் யார்? உம்முடைய இஷ்டத்துக்குக் கட்டம் போட்டால் எந்த நாட்டோடு சேர்த்து இதைக் கூட்டுவது?"

நீர் விடவில்லை. "சார், அந்த ஊருல இருக்கது ஒரே ஒரு ரேடியோ. இந்த ஆளைக் கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, கதை வேண்டாம். உன் வீட்டுக்கு ரேடியோ இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

நீரும் என்னைப் பார்த்தீர். 'இல்லை' என்ற ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறீர் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெளியூர்க்காரர் முன்னால் நின்று ஊர்ப்பொருளில் எனக்குப் பங்கில்லை என்று சொல்ல என் நாக்குப் புரளவில்லை.

"இருக்கு" என்றேன்.

முடிந்தது. இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு ரேடியோ. அவர் கையெழுத்துப் போட்டார். எங்களுக்கு ஒலிபெருக்கி வரவில்லை. எல்லா வீட்டிலும் ரேடியோ உள்ள ஊருக்கு எதற்கு? வெளிநாட்டில் எங்கோ ஒரு தடிப் புத்தகத்தில் எங்கள் இல்லாத ரேடியோக்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கும். அதைப் படித்தவன் இந்தக் கரையில் குறையே இல்லை என்று மூடி வைத்திருப்பான்.

ஆபீசு வாசலில் நீர் என்னை ஏசியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தீர். "உம்ம மேல தப்பில்லவே. அவன் கேட்ட கேள்வி அப்படி." அடுத்த மாதம் உம்மை ஓட்டப்பிடாரத்துக்கு ஆடு மாடு கணக்கெடுக்க அனுப்பினார்கள். வழியில் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனீர்: "ஆட்டுக்கிட்ட ரெண்டாவது கேள்வி கெடையாது. நிம்மதி." நான் சிரிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் கடல் புரண்டது. மத்தியானம் ரேடியோவில் சொன்னார்களாம். பூட்டிய கொட்டகைக்குள் யார் கேட்டார்கள்? காது ஆறி நானும் அன்று கடலில் இருந்தேன். கொடிமரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். சேலை இல்லை. அதனால் வலையை இழுத்துக்கொண்டு திரும்பவில்லை. பிறகு கொடிமரமே தெரியவில்லை. காற்று எங்களை ஆலந்தலைப் பக்கம் கொண்டுபோய்த் தள்ளியது. இரண்டு வள்ளம் உடைந்தது. ஆட்கள் நீந்திக் கரை சேர்ந்தோம். உயிர் போகவில்லை என்றால் அது மாதா புண்ணியம், எந்த ஆபீசின் புண்ணியமும் இல்லை.

நாங்கள் நடந்து ஊர் வந்தபோது கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. வள்ளங்கள் திரும்பாததைப் பார்த்து அந்தோணியம்மாள் அம்மிக் குழவியால் பூட்டை உடைத்து ரேடியோவைத் தன் வீட்டு ஜன்னலில் கொண்டுபோய் வைத்திருந்தாள். சங்கத் தலைவர் சத்தம் போட்டார். அவள் மகனைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "எனக்கும் இதுல பங்கு இருக்குல்லா? இம்புட்டு நாளும் இருந்துச்சு. இன்னையிலயிருந்து கேக்கப் போறேன்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் மத்தியானக் கடல் சேதி அந்த ஜன்னலிலிருந்துதான் கேட்டது. சேலை பலமுறை ஏறியது.

தை மாதம் நீர் எங்களைப் பார்க்க வந்தீர். அவள் ஜன்னல் முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். நின்று பார்த்தீர். பையிலிருந்து உம் சொந்த நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, ஒரு வரி எழுதினீர். என்ன எழுதினீர் என்று கேட்டேன். "பெண்கள்: கேட்கிறார்கள்" என்று வாசித்தீர். அந்த வரி எந்த ஆபீசுக்கும் போகவில்லை. அந்த நோட்டு எங்கே என்று உம் மகனைப் போனில் கேட்டேன். பழைய பேப்பரோடு போட்டுவிட்டானாம்.

அதைக் கேட்டபோது வந்த கோபம்தான் செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் முன்னால் என் நெஞ்சை அடைத்தது. பாவம், அதன்மேல் என்ன குற்றம்? பலகையைப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தது.

செல்வராணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "வீட்டுல இருக்குல்லா, அப்பாவுக்கும் ஆமான்னு போட்டுருங்க."

"போடாத" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தெருவில் போனவன் திரும்பிப் பார்த்தான். "அவ போன் அவ கையில இருக்கு. அவ காதுல வச்சா பேசுவேன், இன்டர்நெட்டத் தொட்டதுமில்ல. எனக்கு இல்லைன்னு எழுதும்மா."

அந்தப் பெண் இன்னொரு தட்டுத் தட்டியது. அண்ணாச்சி, அன்றைக்கு அந்த மேசை முன்னால் நீர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த வார்த்தை அது. ஐம்பது வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன். நீர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன்.