கண்ணும் மூக்கும் இல்லாத படம்

மாஸ்கோ, 14.11.1994

முஜீபின் அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டிவலி குறைந்ததா? பேத்தி ஹுமேரா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? இங்கே பனி கொட்டுகிறது. மல்லித்தூள் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள்.

நான் சமைக்கும் வீட்டு ஜாஹிதா அம்மணியோடு நேற்றுக் கீழ்வீட்டு ஓவியக்காரியைப் பார்க்கப் போனேன். இங்குள்ளவர்கள் ஏசு படம் வைக்கும் மூலையில் முழுக்கக் கறுப்பாக ஒரு படம் மாட்டி, மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள்.

"செத்துப்போன அவங்க பையனாமுங்க," என்றார் ஜாஹிதா.

"கண்ணு மூக்கே காணமுங்களே அம்மணி?"

"ஆண்டவன்கிட்டப் போனவனுக்கு முகம் எதுக்குங்கறாங்க."

எனக்கு விளங்கவில்லை. உருவப்படம் இருந்தால் அல்லாஹ்வின் மலக்குகள் வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்று, நம் முஜீபை அடக்கிய நாற்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகுமுன் அவன் போட்டோவைக் கழற்றினீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை. முகமில்லாத படத்துக்கும் வராமல் போவார்களா? பள்ளிவாசல் அசரத்திடம் கேளுங்கள்.

ஓவியக்காரி முஜீபையும் வரைந்து தருகிறாளாம். என்ன நிறம் என்றாள். மாநிறம் என்றேன். தோலைக் கேட்கவில்லையாம், அவனைத்தான் கேட்கிறாளாம்.

உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன். அவன் என்ன நிறம்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சபுரா