வால்வு செட்டும் கீழ்வீட்டுத் தறியும்

ஜூன் 17, செவ்வாய்
புழுக்கம். இலை அசையவில்லை. கிடாரின் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஹெட்போனில் மட்டும் கேட்கும்படி மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். ஆகவே ஸ்பீக்கர் இருந்த இடத்தில், அதன் சுமையைத் தாங்க, தடித்த ரெசிஸ்டர். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஹெட்போனுக்கு. யாரும் சொல்லித்தரவில்லை. ரெசிஸ்டர் தோசைக்கல்லாகச் சுடுகிறது. அடியில் ஓட்டுத்துண்டு வைத்தேன்.

இத்தனையும் கன்னியப்பனுக்காக. வீட்டுக்காரர். மாடியில் நாங்கள், கீழே அவர் பட்டுத் தறி. "கிடார் சத்தம் தாங்கல அண்ணே. நிறுத்துங்க, இல்லன்னா வேற வூடு பாத்துக்கங்க." விடிந்ததிலிருந்து அவர் தறி அடிப்பது மட்டும் சத்தமில்லையாம்.

ஜூன் 19, வியாழன்
வாசித்தேன். காதுக்குள் முழுக் கச்சேரி, அறையில் கம்பியின் கிணுகிணுப்பு மட்டும். வால்வின் கனிந்த குரல் அப்படியே. மனைவி எட்டிப் பார்த்தாள். "சத்தமே இல்லாம தலைய ஆட்டிக்கினு... பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"
நினைக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு
ஒத்திகை, பெரிய காஞ்சிபுரம், மனோகர் வீட்டு மாடி. மெல்லிசைக் குழுவுக்கு அவன்தான் தலைவன். என் மகன் வயது. எல்லோர் முன்னாலும்: "அண்ணே, தாளத்துக்கு முன்னாடி ஓடுறீங்க. கை தாளத்துல நிக்க மாட்டேங்குது. அடுத்த வாரமும் ஓடினா உங்க பார்ட்ட கீபோர்டுலயே வாசிச்சிக்கறோம்."
நான் ஓடவில்லை. டிரம்ஸ்காரன் இழுக்கிறான். குழு தொடங்கிய நாளிலிருந்து வாசிக்கிறவன் நான். டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்
மறுபடி கன்னியப்பன், படியேறி மூச்சு வாங்க. ஹெட்போனைக் காட்டி, சத்தம் எங்கே என்றேன்.
"கிடார் கேக்கல அண்ணே. உங்க காலு கேக்குது. தரையில தாளம் போடறீங்க இல்ல, தொம்மு தொம்முன்னு? தறிய மிதிக்கற என் காலு உங்க பின்னாடியே போவுது. கொஞ்ச நேரத்துல ஓடுது. இழை தப்பிப் பூட்ச்சி, பிரிச்சிக்கினு கீறேன்."
கதவைச் சாத்தினேன்.
ஓடுது. இவருக்கு மனோகரைத் தெரியாது. பாட்டும் தெரியாது. அதே சொல்.


ஜூன் 26, வியாழன்
தூறல். கரண்ட் போய் வந்தது. வால்வு சூடேறும்வரை சும்மா.
காலுக்கடியில் தலையணை. ஹெட்போனில் ஒரு காது, தறிக்கு ஒரு காது. சரணம் வந்ததும் நான் முன்னே, தறி பின்னே. மறுபடி. அப்போதும் முன்னே. கடினமான இடம் வருமுன்பே பயந்து பாய்கிறேன். இரண்டு காதையும் மூடினால் நான் மட்டும்தான். எனக்கு நானே சரி.

ஜூன் 28, சனி
பகல் முழுக்கத் தறியோடு. அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினால் நானும் நிறுத்தம். அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.
வாங்க: மூன்றாம் கம்பி, ஈயம், தலைவலி மாத்திரை.

ஜூன் 29, ஞாயிறு
அமாவாசை. தெரு முழுக்கத் தறி ஓய்வு. இதை யோசிக்கவில்லை. புறப்படுமுன் ஒருமுறை தறியோடு சேர்ந்து வாசிக்கலாம் என்றிருந்தேன். அப்படியே ஒத்திகைக்குப் போனேன்.
அதே சரணம். பாயத்தான் வந்தது. கன்னியப்பன் மிதிப்பதை நினைத்துக்கொண்டேன். மனோகர் என் பக்கம் திரும்பவேயில்லை. டிரம்ஸ்காரனிடம் கத்தினான்: "எங்கடா போறே? அண்ணன் காலப் பாத்து வாசி!"
வீட்டு வாசலில் கன்னியப்பன், விபூதி பூசி, வேலையில்லாமல். "இன்னா அண்ணே, சிரிச்சிக்கினே வர்றீங்க?"
"இனிமே காலு ஓடாதுபா" என்றேன். நிற்காமல் படியேறிவிட்டேன்.