நாற்பது பக்க மௌனம்

ஜூன் 3

லிஃப்ட்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் அக்கா போனில் சொன்னார். உங்களிடம் கேட்டால் "இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது என்பதால் அவரிடம் கேட்டேன்.

மாற்றல் வாங்கிக்கொண்டு நான் இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நான் கத்துகிறேன். நான்காவது நிமிடத்தில் நீங்கள் "சரி, வச்சிடறேன்" என்கிறீர்கள். இந்த ஐந்து மாதத்தில் நாம் ஒழுங்காகப் பேசி முடித்த ஒரே விஷயம், வீட்டுச் சாவியின் நகல் யாரிடம் இருக்கிறது என்பதுதான். அதனால் இனிமேல் கடிதம். எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன்.

மாதம் ஒரு புத்தகம். நான் படித்ததை உங்களுக்கு அனுப்புவேன்; நீங்கள் படித்ததை எனக்கு அனுப்ப வேண்டும். படித்து மனதில் பட்டதை எழுத வேண்டும். எப்போது திரும்பி வருகிறாய் என்று நீங்கள் கேட்கக் கூடாது. நான் பழையதைக் கிளறக் கூடாது. புத்தகம் மட்டும்.

முதல் புத்தகம் இதோடு வருகிறது. கணவன் இறந்த பிறகு தனியாகச் சலவைக் கடை நடத்தும் ஒரு பெண்ணின் கதை. டியூட்டி முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் படித்தேன்.

அன்புடன்,
ரத்த வங்கியிலிருந்து உங்கள் மனைவி


ஜூன் 20

மேடத்துக்கு,

புத்தகம் கிடைத்தது. படித்தேன். நன்றாக இருந்தது. எழுத்து கொஞ்சம் பொடி.

ஒரு தவறு கண்ணில் பட்டது. அறுபதாம் பக்கத்தில் சலவை மெஷினின் பெல்ட் அறுந்துபோகிறது. பெல்ட் அறுந்தால் டிரம் சுற்றாது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே அந்த அம்மாள் அதே மெஷினிலிருந்து பிழிந்த துணியை எடுத்துக் கொடியில் போடுகிறார். எழுதியவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

என் பங்குக்கு ஒரு துப்பறியும் கதை அனுப்புகிறேன். இப்போது எனக்கு எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் கயிறு மாற்றும் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் ரூமில் உட்கார்ந்து இரண்டே நாளில் கதையைப் படித்து முடித்துவிட்டேன். கொலைகாரன் யார் என்று கடைசி வரை தெரியாது. நான் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜூன் 26

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருப்பீர்களோ என்று ஒரு நப்பாசை.

ஒரு பெண் இருபது வருஷம் ஒற்றை ஆளாய் ஊரார் துணியை வெளுத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்குகிறாள். கடைசியில் அந்தப் பிள்ளைகளே கடையை விற்கச் சொல்லும்போது, கதவைச் சாத்திக்கொண்டு முதன்முறையாகத் தன்னுடைய புடவைக்கு இஸ்திரி போடுகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உங்கள் கண்ணில் பட்டது பெல்ட்! என்னோடு வேலை பார்ப்பவளிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "பரவாயில்லைங்க, என் வீட்டுக்காரரா இருந்தா பெல்ட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த புத்தகத்தையாவது மனிதர்களுக்காகப் படியுங்கள். பாலம் கட்டும் பொறியாளர் ஒருவரின் கதை. அவருடைய தம்பி அதே பாலத்தில் வேலை செய்யும்போது விழுந்து இறந்துவிடுகிறான். அதன் பிறகு நாற்பது பக்கத்துக்கு அந்த மனிதர் வாயே திறப்பதில்லை. அந்த நாற்பது பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒருவரால் இவ்வளவு சொல்ல முடியுமா என்று வியப்பாக இருந்தது.

உங்கள் துப்பறியும் கதையை இன்றுதான் பிரித்தேன். ரத்தம் எனக்கு வேலையிலேயே போதும். இருந்தாலும் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மனைவி


ஜூலை 15

மேடத்துக்கு,

பாலக்காரர் கதையைப் படித்தேன். மனிதர்களுக்காகத்தான் படித்தேன். பாலத்தில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

மனதில் பட்டதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். கோபப்படாதே. பட்டாலும் பரவாயில்லை, எனக்கும் கோபமாகத்தான் இருக்கிறது.

ஒருவன் நாற்பது பக்கம் பேசாமல் இருந்தால் அது உனக்கு ஆழம். அதை இரண்டு முறை படிக்கிறாய், வியந்துபோகிறாய். நான் பேசாமல் இருந்தால் மட்டும் அது கல்நெஞ்சமா? "சுவத்தோட குடும்பம் நடத்துறேன்" என்று என் அக்காவிடம் சொன்னாய். அவர் அதை என்னிடம் சொல்ல மாட்டார் என்று நினைத்தாயா? அச்சில் வந்த மௌனத்துக்கு ஒரு மரியாதை, வீட்டில் இருக்கிற மௌனத்துக்கு ஒரு பெட்டி கட்டுதல். இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பாலக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர் பேசாவிட்டாலும் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எழுதியவர் பக்கம் பக்கமாகச் சொல்லிவிடுகிறார். எனக்கு அப்படி எழுத யார் இருக்கிறார்கள்? நான் டீ டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர்களுக்கு டம்ளர்தான் தெரியும்.

புத்தகத்தை மட்டும் எழுத வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். நான் புத்தகத்தைத்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜூலை 22

லிஃப்ட்காரருக்கு,

கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்தில் நீங்கள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. கோபமாக இருந்தாலும் பேசினீர்கள். அதற்கு நன்றி. பதிலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். அந்தப் பாலக்காரர் வாய் திறக்கவில்லை, சரி. ஆனால் எங்கே இருந்தார்? தம்பி மனைவியின் வீட்டில். தினமும் காலையில் போய் அவள் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் அழுதபோது அங்கே இருந்தார். அவள் திட்டியபோதும் அங்கே இருந்தார். பேசாததற்காக யாரும் பெட்டி கட்டுவதில்லை. நான் கட்டியது வேறு ஒன்றுக்காக. அது உங்களுக்கும் தெரியும்.

உங்கள் துப்பறியும் கதையையும் முடித்துவிட்டேன். கொலைகாரன் சமையல்காரர்தான் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்று பிடித்திருந்தது. அதில் துப்பறியும் அதிகாரி கூச்சமே இல்லாமல் எல்லாரையும் ஒரே கேள்வி கேட்கிறார்: அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்? பணக்காரரையும் கேட்கிறார், அழுதுகொண்டிருக்கிற மனைவியையும் கேட்கிறார். நான் அதைக் கேட்கவே இல்லையே என்று தோன்றியது. நீங்கள் "வேலை" என்றீர்கள், நான் தலையாட்டினேன். அதை ஒரு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

பழையதைக் கிளறக் கூடாது என்ற சட்டத்தை நானே மீறுகிறேன். போன வருஷம், வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. காலையிலிருந்து அசைவு இல்லை என்று என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து மணிக்கு அம்மா உங்களுக்குப் போன் செய்தார். குழந்தை உயிரோடு இல்லை என்பதையும் போனிலேயே சொன்னார். நீங்கள் வந்தது மாலை ஏழு மணிக்கு. கையில் ஒரு பையில் பழம். அதற்குள் எல்லாம் முடிந்து, குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். நான் மட்டும்தான் அதன் முகத்தைப் பார்த்தேன்.

பத்திலிருந்து ஏழு வரை எங்கே இருந்தீர்கள்?

உங்கள் மனைவி


ஆகஸ்ட் 11

மேடத்துக்கு,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று கிழிக்கப் போவதில்லை.

போன் வந்தபோது ஒரு கடைக் கட்டடத்தில் லிஃப்ட் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். போட்டது போட்டபடி கிளம்பினேன். பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். ஆமாம், வந்துவிட்டேன். உன் வார்டு மூன்றாவது மாடி என்று கீழே சொன்னார்கள். லிஃப்டில் ஏறினேன். மூன்றில் கதவு திறந்தது. எதிரே பெஞ்சில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது. நீ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

வெளியே ஒரு அடி வைத்தால் போதும். கால் வரவில்லை. கதவு தானாக மூடியிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். நான்தான் பொத்தானை அழுத்தினேன்.

கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் என் வண்டி மேல் உட்கார்ந்திருந்தேன். இப்போது போகலாம், இதோ போகலாம் என்று இருந்தேன். நேரம் ஆக ஆகப் போவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இவ்வளவு நேரம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? காவலாளி வந்து, "யாருக்காகக் காத்துட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். "உள்ள ஒரு ஆள் வேலை பார்க்குது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. ஆறரைக்கு வெளியே போய்ப் பழம் வாங்கினேன். வெறுங்கையோடு வர முடியவில்லை.

பயந்துவிட்டேன். அவ்வளவுதான். இதை எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் வேறு காரணம் கிடைக்கவில்லை.

இந்த மாதம் அனுப்பப் புத்தகம் இல்லை. ஒன்றும் படிக்க ஓடவில்லை.

லிஃப்ட்காரன்


ஆகஸ்ட் 17

உங்களுக்கு,

கிழிக்காமல் அனுப்பினீர்கள். படித்தேன்.

வேலையில் இருந்தீர்கள் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. இப்போது என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எனக்கு மூன்று மாடி கீழே ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு முறை லிஃப்ட் சத்தம் கேட்கும்போதும், "அவரா பாரும்மா, அவரா பாரும்மா" என்று அம்மாவை விரட்டிக்கொண்டிருந்தேன்.

பயந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் பயந்தேன். எனக்கு இறங்கிப் போகப் பொத்தான் இல்லை.

இதைக் காகிதத்தில் முடிக்க எனக்கு விருப்பமில்லை. வருகிற சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வாருங்கள். எழுதியதை என் எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

உங்கள் மனைவி


ஆகஸ்ட் 26

உங்களுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

சனிக்கிழமையை நினைத்தால் எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பதினொரு மணிக்கு வந்தீர்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தீர்கள். "ஊர் பரவாயில்ல, காத்து வருது" என்றீர்கள். என் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, "இது எப்படி இருக்கும்?" என்றீர்கள். கடல் மீன்களைப் பற்றிய புத்தகம் அது, பக்கத்து வீட்டுப் பிள்ளை விட்டுப்போனது! அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். நானும் பேசினேன், என்னைச் சொல்ல வேண்டும். பிறகு ஜன்னல் கொக்கி சரியாக விழவில்லை என்று எழுந்து அதைச் சரிசெய்தீர்கள். சாப்பிட்டீர்கள். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டீர்கள். சமையலறையில் நான் வேண்டுமென்றே பாத்திரத்தை ஓசையோடு வைத்தேன். "என்னாச்சு?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல" என்றேன். ஒன்பது வருஷமாக நாம் இருவரும் நன்றாகத் தேர்ச்சி பெற்ற பாடம் இதுதான்.

நான்கு மணிக்கு உங்களைப் பேருந்து ஏற்றிவிட வரும்போது முடிவு செய்துவிட்டேன். மாற்றலை நிரந்தரமாக்கும் விண்ணப்பம் மேஜையில் பூர்த்தியாகி இருக்கிறது. திங்கட்கிழமை கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். காகிதத்தில் மட்டும் பேசுகிற மனிதரோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது?

பேருந்து நகர்ந்த பிறகு நீங்கள் எழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மேல் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினீர்கள். ஏதோ சொன்னீர்கள். சின்னதாக இல்லை, நீளமாகவே சொன்னீர்கள். உங்கள் முகம் கோணிப்போயிருந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடவே ஓடி வந்தேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். செருப்பு அறுந்ததுதான் மிச்சம். நடுத்தெருவில் நின்று அந்த வண்டிக்காரனை நான் திட்டிய திட்டில் பூக்கடைக்காரம்மாள் எழுந்து வந்துவிட்டார்.

திங்கட்கிழமை விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. அதைக் கிழிக்கவும் இல்லை. அப்படியே இருக்கிறது.

என்ன சொன்னீர்கள் என்பதை எழுதி அனுப்பிவிடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். எழுதி அனுப்பினால் உறையைப் பிரிக்க மாட்டேன். இந்தச் சனிக்கிழமையும் எனக்கு விடுமுறைதான், மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டேன். பேருந்து நிலையத்துக்கே வந்துவிடுகிறேன். இறங்கியதும், பையைக் கீழே வைப்பதற்கு முன்னால், அங்கேயே நின்று சொல்லுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை.

காத்திருக்கும்,
உங்கள் மனைவி